பிரேக் கட்டை கருகிய கதை: கல்வராயன் மலையும் கலிஃபோர்னியாவும்

ரப்பர் கருகுகிற வாசம் வந்தபோது எங்கேயோ பழைய டயரைக் கொளுத்துகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தோம். சுற்றிலும் காடு, கண்ணுக்கெட்டிய வரை ஆள் இல்லை. இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் புரிந்தது, கருகுவது என் சைக்கிள்!

இறங்கிப் பார்த்தால் பிரேக் கட்டைகள் பாதிக்கு மேல் தேய்ந்துபோயிருந்தன. ரிம்மில் கை வைக்க முடியவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினோம். தோசைக்கல்லில் தெளித்தது மாதிரி சுர்ரென்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஏறி உட்கார தைரியம் வரவில்லை, தள்ளிக்கொண்டே இறங்கினோம். ஏறும்போதும் தள்ளினோம், இறங்கும்போதும் தள்ளினோம். "சைக்கிள்ல போனீங்களா, சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டுப் போனீங்களா?" என்று வீட்டில் இன்றுவரை கேலி :-)

இரண்டும் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள்கள். பள்ளிக்கூடம் போய் வரச் செய்தவை, மலை ஏற அல்ல. அது என் முதல் மலைப் பயணம். அதற்குப் பிறகு நிறைய ஓட்டியாகிவிட்டது. ஆனால் இந்தக் கட்டுரை என் வீரப் பிரதாபம் பற்றி இல்லை. கருகிய பிரேக்குக்குக் காரணம் தேடப் போய், ஒரு வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தில், மெரின் என்று ஒரு மாவட்டம். அங்கே டமால்பைஸ் என்ற மலை. 1970களில் அந்தப் பகுதியில் சில இளைஞர்கள் 1930, 40களில் செய்த பழைய ஷ்வின் சைக்கிள்களைப் பொறுக்கி எடுத்து வந்தார்கள். குண்டு டயர், கனமான இரும்புச் சட்டம், கியர் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பிரேக். காட்டுத் தீ அணைக்கும் வண்டிகளுக்காக வெட்டிய மண் பாதை ஒன்று ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு மைலில் ஏறக்குறைய 1300 அடி, அதாவது 400 மீட்டர் சரிவு. மேலே சைக்கிள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கீழே யார் சீக்கிரம் வருகிறார்கள் என்று பந்தயம்.

கீழே வந்து சேரும்போது பின் ஹப்பிலிருந்து புகை வரும். உள்ளே இருந்த கிரீஸ் முழுக்க வெந்து ஆவியாகிப் போயிருக்கும். அடுத்த தடவை ஓட்டுவதற்குள் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதற்கு அவர்கள் ஊர்ப் பேச்சில் ரீபேக். அந்தப் பாதைக்கும் பந்தயத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. இதைப் படித்ததும் எனக்கு அந்த ரப்பர் வாசம் ஒரு தடவை மூக்கில் வந்து போனது. நம்மைப் போலவே மாட்டிக்கொண்ட ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று ஒரு சின்ன ஆறுதல்.

முதல் ரீபேக் பந்தயம் 1976 அக்டோபர் 21ஆம் தேதி நடந்தது. நடத்தியவர்களில் முக்கியமானவர் சார்லி கெல்லி. பிற்பாடு கேரி ஃபிஷர் என்பவர் 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கி வைத்த சாதனை அந்தப் பாதையில் நிலைத்துவிட்டது. ஃபிஷர்தான் அந்தப் பழைய வண்டிகளில் கியர் மாட்டி, லாரியில் ஏற்றாமல் மலையை மிதித்தே ஏறலாம் என்று காட்டியவர்களில் ஒருவர். 1977ல் ஜோ பிரீஸ் என்பவர் இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு சட்டம் செய்தார். 1979ல் ஃபிஷரும் கெல்லியும் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார்கள், பெயர் மவுண்டன்பைக்ஸ். 1981ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்ததும் கடையில் காசு கொடுத்து யாரும் மலை சைக்கிள் வாங்கலாம் என்று ஆகிவிட்டது. 1990ல் கொலராடோவின் டுராங்கோ நகரில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி. 1996ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ். விளையாட்டாய் ஆரம்பித்தது 20 வருஷத்தில் பதக்கம் வரை போய்விட்டது.

இதில் இறங்குவது ஒரு கிளை என்றால், நீண்ட தூரம் மலை தாண்டுவது இன்னொரு கிளை. அதற்கும் அதே வருஷம்தான்! கொலராடோவில் கிரெஸ்டட் பியூட் என்று ஒரு பழைய சுரங்க ஊர். ஆஸ்பென் நகரத்திலிருந்து சிலர் மோட்டார்சைக்கிளில் பேர்ல் கணவாயைத் தாண்டி அங்கே வந்து பெருமை பேசினார்களாம். உள்ளூர்க்காரர்களுக்கு ரோஷம். 1976 செப்டம்பரில் ஒரு கும்பல் தங்கள் ஓட்டைச் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு, நடுவில் ஒரு ராத்திரி மலையிலேயே தங்கி, 12,700 அடி உயரக் கணவாயைத் தாண்டி ஆஸ்பென் போய்ச் சேர்ந்தது. அதில் பாதித் தூரம் அவர்களும் தள்ளிக்கொண்டுதான் போயிருப்பார்கள் என்பது என் அனுபவபூர்வமான ஊகம்.

இந்த 1976 என்ற எண்ணைப் படித்தபோதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. அதே எண்ணை நான் ஏற்கனவே கேட்டிருந்தேன், அந்த முதல் பயணத்தில், மலை மேல் ஒரு டீக்கடையில்.

நாங்கள் நாக்கு தள்ளி உட்கார்ந்திருந்தோம். ஒரு பெரியவர் எங்கள் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க இருந்து வர்றீங்க தம்பி?"

"கள்ளக்குறிச்சிங்க தாத்தா."

"பஸ்ஸு வரலியா?"

"பஸ் இருக்குதுங்க. நாங்க சும்மா, ஓட்டிப் பாக்கலாம்னு..."

"சும்மாவா!" என்று சிரித்தார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. பிறகு அவர் பாட்டுக்குச் சொன்னார். இந்த வழியில் உடம்பு முடியாதவர்களைத் துணித்தொட்டில் கட்டித் தோளில் தூக்கி இறக்கியது, புளியும் கடுக்காயும் தலைச்சுமையாகக் கொண்டு போய் விற்று உப்பு வாங்கி வந்தது எல்லாம். நடு நடுவே "எழுபத்தாறுக்கு முன்னாடி", "எழுபத்தாறுக்கு அப்புறம்" என்று பிரித்துப் பிரித்துப் பேசினார். நாம் சுதந்திரத்துக்கு முன், பின் என்று சொல்வோமே, அதுபோல. எனக்கு அப்போது பசி, களைப்பு. எழுபத்தாறில் என்ன என்று கேட்கக்கூட இல்லை.

விஷயம் இதுதான். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சுமார் 1095 சதுர கி.மீ. பரப்பு, பெரும்பாலும் 2000 முதல் 3000 அடி உயரம். கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் இங்கேதான் பிறக்கின்றன. இங்கே வாழும் மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். (பெயரைப் பார்த்துவிட்டு கேரளா என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் கதை.) மலை முழுக்க ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. இன்றைய கள்ளக்குறிச்சிப் பக்கம் சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள். சேலம் பக்கம் பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன். வரி வாங்குவது அவர்கள், வழக்குத் தீர்ப்பது அவர்கள். கூலி இல்லாமல் ஊழியம் செய்ய வேண்டியது மக்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இப்படித்தான். வெள்ளைக்காரன் போன பிறகும் இப்படித்தான்! 1976ல்தான் ஜாகீர் ஆட்சி போய், மலை அரசாங்கத்தின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976ல்தான். நெருக்கடி நிலைக் காலம் அது, தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி வேறு. நெருக்கடி நிலையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பெரியவர் மாதிரி ஆட்களுக்கு அந்த வருஷம் வேறு மாதிரி ஞாபகத்தில் இருக்கிறது.

ஆக, ஒரு மலையில் சில பேர் பொழுதுபோக்குக்காக மண் பாதையில் சைக்கிள் விட்டுப் பார்த்த அதே வருஷத்தில், நம் பக்கத்து மலையில் ஜனங்கள் அப்போதுதான் ஊழியத்திலிருந்து விடுபட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பெடலை மிதிக்கும்போது இது அடிக்கடி மனதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சைக்கிளில் கரடுமுரடான வழியில் வெகுதூரம் போவது கலிஃபோர்னியாக்காரர்கள் கண்டுபிடித்த சமாசாரம் இல்லை. 1897ல் அமெரிக்க ராணுவத்தின் 25வது காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பினச் சிப்பாய்கள், லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் தலைமையில், மொன்டானாவின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 1900 மைல் ஓட்டினார்கள். சேறு, மணல், மலை எல்லாம் தாண்டி 41 நாள். குதிரைக்குப் பதில் சைக்கிள் உதவுமா என்று ராணுவம் பரிசோதித்துப் பார்த்தது. ஓட்டியவர்களிடம் விருப்பமா என்று யாரும் கேட்டிருப்பார்கள் என்று தோன்றவில்லை. உத்தரவு, ஓட்டினார்கள். மலை சைக்கிள் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்று இவர்களைத்தான் முன்னோடிகள் என்கிறார்கள்.

நம் நாட்டில் சொந்த ஆசைக்காக இப்படிக் கிளம்பியவர்கள் என்றால் பம்பாய் பார்சி இளைஞர்கள். பளுதூக்கும் சங்கம் ஒன்றின் உறுப்பினர்கள் ஆறு பேர் 1923 அக்டோபர் 15ல் உலகம் சுற்றப் புறப்பட்டார்கள். அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூன்று பேர்தான் கடைசிவரை ஓட்டி 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். மொத்தம் சுமார் 71,000 கி.மீ. பாலைவனம், ஆல்ப்ஸ் மலை எல்லாம் உண்டு. கியர் சைக்கிளா, ஜெல் வைத்த சீட்டா, ஜிபிஎஸ்ஸா, ஒன்றும் கிடையாது. பாடப் புத்தகத்தில் ஏன் இவர்கள் இல்லை என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு வருத்தம்.

தமிழ்நாட்டில் சைக்கிள் வேறு வேலைகளைச் செய்தது. 1949ல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பித்தார்கள். ஹெர்குலஸும் பிஎஸ்ஏவும் பால்காரருக்கும் தபால்காரருக்கும் வாத்தியாருக்கும் போய்ச் சேர்ந்தன. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முனைந்து நிற்க, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி உலகத்துக்கே தெரிந்தது. 2001-02ல் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் திட்டம் வந்து, சில வருஷத்தில் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. என் கருகிய சைக்கிள் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

அந்தச் சைக்கிளை நான் ஏன் மலையில் தள்ளினேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. செயின் வீலில் பல் எண்ணினேன், 44. பின்னால் ஃப்ரீவீலில் 18. ஒரு தடவை பெடல் சுற்றினால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். 28 அங்குலச் சக்கரத்துக்கு அது ஏறக்குறைய 5.5 மீட்டர். சமதளத்தில் சுகம்தான். மலையில் ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் உயர்த்து என்றால் முழங்கால் அழும். பிறகு ஒரு அண்ணனிடம் இரவல் வாங்கிய கியர் சைக்கிளில் முன்னால் சின்னப் பல் 22, பின்னால் பெரிய பல் 34, சக்கரம் 26 அங்குலம். ஒரு மிதிக்கு 1.3 மீட்டர்தான். நான்கில் ஒரு பங்கு! எறும்பு மாதிரிதான் ஊர வேண்டும். ஆனால் காலைக் கீழே வைக்க வேண்டாம். கேரி ஃபிஷர் செய்ததும் வேறொன்றும் இல்லை, இந்தக் கணக்குதான்.

இந்தியாவில் இது பந்தயமாக வந்தது சமீபத்தில். 2005ல் சிம்லாவை மையமாக வைத்து எம்டிபி ஹிமாலயா தொடங்கியது. பல நாள் மலைப் பாதையில் ஓட்டும் போட்டி. தெற்கே 2008ல் டூர் ஆஃப் நீல்கிரிஸ் வந்தது. அது தார்ச்சாலைதான், ஆனால் மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி ஓட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2017ல் ராணுவ மருத்துவர் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ராம் பந்தயத்தைத் தனியாக முடித்த முதல் இந்தியரானார். அமித் சமர்த் என்ற இன்னொரு மருத்துவரும் அதே தடவை முடித்தார். இப்போது நம் ஊர்களிலும் பிரவே என்ற நெடுந்தூர ஓட்டங்கள் நடக்கின்றன. போட்டி இல்லை, கெடுவுக்குள் முடித்தால் போதும். 200 கி.மீ.க்கு பதிமூன்றரை மணி, 600 கி.மீ.க்கு 40 மணி. நான் 200 ஒன்று முடித்திருக்கிறேன், கெடு முடிய நாற்பது நிமிஷம் இருக்கும்போது. கடைசி 30 கி.மீ. எதிர்க்காற்றில் அழாத குறை. அதைத் தனியாக எழுத வேண்டும்.

இரவல் கியர் சைக்கிளோடு கல்வராயன் மலைக்கு இரண்டாவது தடவை போனேன். கச்சிராயபாளையம் வரை கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னாலேயே போய், கரியாலூர் வழியாக ஏறினேன். மூச்சு வாங்கியது, ஆனால் தள்ளவில்லை. ஒரு இடத்தில் தார் ரோட்டை விட்டுப் பிரிந்து உள்ளூர்ப் பாதை ஒன்று மரவள்ளிக் காட்டுக்கு நடுவே போனது. செம்மண், சரளைக் கல், மழைத் தண்ணீர் அரித்த பள்ளம். எனக்கு ஒரே குஷி. இதைத்தானே வீடியோக்களில் பார்த்து ஏங்கியது! குதித்துக் குதித்துப் போய் ஒரு சிற்றூரில் நின்றேன். குடத்தோடு வந்த ஒரு அக்கா நிறுத்தி, "ரோடு அளக்க வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். சும்மா வந்தேன் என்று இந்தத் தடவை சொல்ல வாய் வரவில்லை. காலேஜில் படிக்கிறேன், மலையைப் பார்க்க வந்தேன் என்று ஏதோ மழுப்பினேன். "மழையில இந்த வழியில பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க நடக்க முடியல தம்பி, எங்கியாச்சும் எழுதிப் போடுங்க" என்றார். ஹெல்மெட் போட்டிருந்த ஒரே காரணத்தால் என்னை ஆபீசர் என்று நினைத்துவிட்டார் போல.

எழுதிப் போட்டுவிட்டேன் அக்கா. ஆனால் எனக்கு முன்பே பெரிய இடத்தில் இது எழுதப்பட்டுவிட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது எல்லோருக்கும் தெரியும். அதையடுத்து சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. 1976ல்தான் மலை அரசு நிர்வாகத்துக்குள் வந்தது, மக்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததோ 1996ல்தான் என்பதெல்லாம் அந்த வழக்கில் பேசப்பட்டது. சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பற்றி நீதிபதிகள் அரசைக் கேள்வி கேட்டார்கள். மலை சைக்கிள் அட்லாண்டாவில் ஒலிம்பிக் பந்தயமானதும் 1996தான். இந்த வருஷங்கள் இப்படிப் பொருந்துவதை நானாகத் தேடிப் போகவில்லை, சத்தியமாக.

2019 நவம்பர் 26ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கியது. கல்வராயன் மலைக்கு வெள்ளிமலையைத் தலைமையிடமாக வைத்துத் தனித் தாலுகாவும் இருக்கிறது. விழுப்புரத்துக்கு மனுவோடு ஓடிய காலம் போய், கலெக்டர் ஆபீஸ் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறது. மலைச் சைக்கிள் ஆட்களின் கூட்டங்களில் ஒரு புலம்பல் எப்போதும் உண்டு. நல்ல மண் பாதையெல்லாம் தார் போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று. முன்பு நானும் தலையாட்டுவேன். இப்போது அந்தப் பேச்சு வந்தால் பேசாமல் டயருக்குக் காற்று அடிக்கப் போய்விடுகிறேன். அந்த மரவள்ளிக் காட்டுப் பாதையில் தார் விழுந்தால் எனக்கு ஒரு நல்ல பாதை போகும். எனக்கு வேறு பாதை கிடைக்கும், காட்டுக்குள் ஆயிரம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

பரீட்சை முடிந்ததும் மறுபடி போவதாக இருக்கிறேன், இந்தத் தடவை சங்கராபுரம் பக்கமாக ஏறி, சேராப்பட்டு வழியாகச் சுற்றி வெள்ளிமலை. அந்த டீக்கடைப் பெரியவரைப் பார்த்து எழுபத்தாறு பற்றி உட்கார்ந்து கேட்க வேண்டும். நம் வகுப்பில் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள். கியர் இல்லாவிட்டால் பரவாயில்லை, தள்ளிக்கொள்ளலாம். பிரேக் கட்டை மட்டும் கூடுதலாக இரண்டு ஜோடி எடுத்து வாருங்கள்.